கூட்டியது யார்?

2025 ஜூன் மாதம். இஸ்ரேலும் இரானும் பன்னிரண்டு நாள் மாறி மாறி ஏவுகணை வீசிக்கொண்டிருந்த சமயம். என் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கோட், டை சகிதம் ஒரு பிரசங்கியார். அவருக்குப் பின்னால் மேற்காசியாவின் வரைபடம். அதன் நட்டநடுவில் சிவப்பாக ஒரு வட்டம். இதுதான் அர்மகெதோன், கடைசி யுத்தம் இங்கேதான், இதை எந்த மனிதனாலும் நிறுத்த முடியாது, நிறுத்தப் பார்ப்பதே தெய்வ விரோதம் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அனுப்பியவர் என் பழைய நண்பர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஈ, எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். வீடியோவுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். 'எல்லாம் எழுதியிருக்கிறபடிதானே சார் நடக்குது?'

அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் படித்தது பி.காம். கிரேக்கத்துக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரே ஒரு நல்ல பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். யாராவது 'எழுதியிருக்கிறது' என்று சொன்னால் சட்டென்று கை நீளும். வவுச்சரைக் காட்டு. ஒரு ரூபாய்க்கு வவுச்சர் கேட்கிறோம். உலகத்தையே எரித்துவிட ஒருவர் கணக்கு எழுதினால் கேட்கக்கூடாதா?

கேட்டேன். வரிக்கு வரி அர்த்தம் போட்ட கிரேக்க பைபிள் ஒன்று, இலக்கணப் புத்தகம் ஒன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு சில இரவுகள் உட்கார்ந்தேன். கிடைத்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் விஷயம். அர்மகெதோன் என்ற சொல் பைபிள் முழுக்கத் தேடினாலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், 16ஆம் அதிகாரம், 16ஆம் வசனம். அவ்வளவுதான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. 'அர்மகெதோன் யுத்தம்' என்று நாம் சரளமாகச் சொல்கிறோமே, அந்தத் தொடர் பைபிளில் எங்குமே கிடையாது. அது ஓர் இடத்தின் பெயர். யுத்தத்தின் பெயர் அல்ல.

சரி, என்ன இடம்?

வசனம் கிரேக்கத்தில் இருக்கிறது. ஆனால் பெயர் கிரேக்கம் இல்லை. எழுதியவரே அதை ஒப்புக்கொள்கிறார். எபிரெய மொழியில் இப்படி அழைக்கப்படும் இடம் என்று ஒரு குறிப்புப் போட்டுத்தான் அந்தப் பெயரையே சொல்கிறார். கிரேக்கத்தில் பெயர்ச்சொற்கள் நம்ம வேற்றுமை உருபு மாதிரி வாலை மாற்றிக்கொண்டே இருக்கும். எழுவாயாக இருந்தால் ஒரு வால், செயப்படுபொருளாக இருந்தால் வேறு வால். இந்தப் பெயருக்கு அந்த வாலே கிடையாது. எந்த வேற்றுமைக்கும் வளையாத, விறைப்பான வெளியூர்ச் சொல். கிரேக்க வாக்கியத்துக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்த விருந்தாளி.

இரண்டாவது, பெயரின் தலை. நாம் 'அர்' என்கிறோம். கிரேக்கப் பதிப்புகளில் அதன் தலையில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். 'ஹ' என்று மூச்சுவிடச் சொல்லும் குறி. ஆக, ஹர்மகெதோன். ஹனுமானை நாம் அனுமான் ஆக்கினோமே, அதே கதைதான். அங்கே ஒன்றும் நஷ்டமில்லை. இங்கே 'ஹ' போனதும் அர்த்தத்தில் பாதி போய்விடுகிறது. எபிரெயத்தில் 'ஹர்' என்றால் மலை. ஹர் மெகிதோ. மெகிதோ மலை.

இதில்தான் சிக்கல். மெகிதோவில் மலை இல்லை.

மெகிதோ நிஜமான ஊர். வட இஸ்ரேலில், கர்மேல் மலைத்தொடரைத் தாண்டிவரும் கணவாய் சமவெளியில் இறங்குகிற வாசலில் இருக்கிறது. எகிப்திலிருந்து சிரியாவுக்கும் மெசபடோமியாவுக்கும் போன பழைய நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போனது. அதனால் அந்த ஊரை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் கையில் கல்லாப்பெட்டி. ஒருவர் கட்ட, இன்னொருவர் இடிக்க, இடித்ததன்மேல் அடுத்தவர் கட்ட, இப்படியே ஊர்மேல் ஊராக உயர்ந்து ஒரு மண்மேடு ஆகிவிட்டது. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மேடு சரி. மலை? பழைய ஏற்பாடு மெகிதோவின் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசுகிறது, மெகிதோவின் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது. மெகிதோ மலை என்று ஒரு வார்த்தை கிடையாது.

அப்படியானால் மலை எங்கிருந்து வந்தது? இதற்கு அறிஞர்கள் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் கர்மேல் மலைதான் என்று ஒரு கட்சி. 1938இல் சி.சி. டோரி என்ற அமெரிக்க அறிஞர் வேறு ஒரு யோசனைக்கு வாதாடினார். இது மெகிதோவே இல்லை என்றார். 'ஹர் மோஎத்', அதாவது சபை கூடும் மலை. ஏசாயாவின் 14ஆம் அதிகாரத்தில் வரும் சொல். நடுவே 'க' எப்படி வந்ததென்றால், எபிரெயத்தில் தொண்டைக்குள்ளிருந்து வரும் ஓர் எழுத்து உண்டு. கிரேக்கக் காதுக்குச் சில சமயம் அது 'க' என்று விழும். எபிரெயத்தில் 'அஸ்ஸா' என்று எழுதுகிற ஊர்தான் கிரேக்கம் வழியாக வந்து நம் வாயில் காசா ஆனது. அதே மாதிரி இதுவும் என்றார்.

பெரும்பாலானவர்கள் இன்னும் மெகிதோ பக்கம்தான். அவர்களுக்கும் நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. பெயரின் வாலில் 'ஓன்' என்று முடிகிறது பாருங்கள். பழைய ஏற்பாட்டில் மெகிதோ என்ற பெயர் கடைசியில் 'ன்' ஒட்டி 'மெகிதோன்' என்று வருவது ஒரே இடத்தில். சகரியா, 12ஆம் அதிகாரம், 11ஆம் வசனம்.

அங்கே போய்ப் பார்த்தேன். அங்கே யுத்தம் இல்லை. ஒப்பாரி இருக்கிறது.

எருசலேமில் எழப்போகும் பெரிய அழுகையை, மெகிதோன் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் எழுந்த அழுகையோடு ஒப்பிடுகிறது அந்த வசனம். கி.மு. 609இல் யோசியா என்ற நல்ல ராஜா, எகிப்தின் பார்வோன் நேகோவை மறிக்கப் போய் மெகிதோவில் செத்தார். அந்த அழுகைதான் இது என்று பலர் நினைக்கிறார்கள். இன்னும் வேடிக்கை, அந்த சகரியா வசனத்தைப் பழங்காலத்திலேயே கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் 'மெகிதோன்' என்பதை ஊர்ப் பெயராகவே எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டப்பட்ட மாதுளந்தோப்பு என்று அர்த்தம் பண்ணிவிட்டார்கள்.

ஆக, கையில் என்ன இருக்கிறது? ஒரே ஒருமுறை வரும் பெயர். இல்லாத மலை. எழுத்திலேயே தகராறு. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 'ஹர்' கூட இல்லை, வெறும் மகெதோன்தான். கணக்குப் பாஷையில் சொன்னால் இது சஸ்பென்ஸ் அக்கவுன்ட். எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தீர்மானமாகாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் இடம். அதை வைத்துக்கொண்டு வரைபடத்தில் சிவப்பு வட்டம் போடுகிறார்கள்!

எழுதியவருக்கு விளக்க இஷ்டம் இருந்திருந்தால் விளக்கியிருப்பார். அதே புத்தகத்தின் 9ஆம் அதிகாரத்தில் அபெத்தோன் என்று ஓர் எபிரெயப் பெயர் வருகிறது. உடனே கிரேக்கத்தில் அதற்கு அப்பொல்லியோன் என்று பெயர் எனச் சொல்லிவிடுகிறார். ஏனென்றால் அவர் எழுதியது ஆசியா மைனரின், அதாவது இன்றைய துருக்கியின், ஏழு ஊர்ச் சபைகளுக்கு. அங்கே எல்லோருக்கும் எபிரெயம் தெரியாது. ஆனால் இங்கே மட்டும் விளக்கவில்லை. 'எபிரெயத்தில்' என்று விரலை நீட்டிவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிட்டார். அவரே பூட்டிவைத்த பெட்டி அது. கோட் போட்டவரிடம் சாவி எப்படி வந்தது?

போகட்டும். இதெல்லாம் பெயரைப் பற்றிய தகராறு. என்னை உட்காரவைத்தது பெயர் அல்ல. அதே வசனத்தின் வினைச்சொல்.

கதையை முதலில் சொல்கிறேன். ஆறாம் தூதன் தன் கலசத்தை யூஃப்ரடீஸ் நதியில் ஊற்றுகிறான். நதி வற்றுகிறது. அப்புறம் வலுசர்ப்பத்தின் வாய், மிருகத்தின் வாய், கள்ளத் தீர்க்கதரிசியின் வாய், இந்த மூன்று வாயிலிருந்தும் தவளை மாதிரி மூன்று அசுத்த ஆவிகள் புறப்படுகின்றன. பூலோகத்து ராஜாக்களிடம் போகின்றன. எதற்கு? அவர்களை யுத்தத்துக்குக் கூட்டிச் சேர்க்க. இது 14ஆம் வசனம். 15ஆம் வசனத்தில் திடீரென்று ஒரு குறுக்குக் குரல். திருடன் மாதிரி வருவேன், விழித்திரு, உன் வஸ்திரத்தைக் காத்துக்கொள் என்கிறது. 16ஆம் வசனத்தில் பழைய கதை மறுபடி தொடர்கிறது. ராஜாக்களை அர்மகெதோன் என்ற இடத்துக்குக் கூட்டிச் சேர்த்த...

சேர்த்த... யார்? சேர்த்தானா, சேர்த்தனவா?

நம்ம ஊர்ப் பழைய தமிழ் பைபிளில் ஆண்பால் ஒருமை. சேர்த்தான். 1611இல் வந்த ஆங்கில பைபிளிலும் அப்படித்தான். 'அவன்' கூட்டினான். வாசிக்கிறவருக்குக் கடவுளோ, அவர் அனுப்பிய தூதனோ கூட்டியதாகத்தான் தோன்றும். யுத்தத்துக்கு ஆள் சேர்த்ததே கடவுள் என்றால், அதை நிறுத்த நீ யார்?

கிரேக்கம் என்ன சொல்கிறது? அங்கே வினைச்சொல் ஒருமைதான். சந்தேகமில்லை. ஆனால் கிரேக்க வினைமுற்றில் ஆண், பெண், அஃறிணை என்ற பால் அடையாளம் கிடையாது. அதோடு கிரேக்க இலக்கணத்தில் ஒரு விசித்திரம். எழுவாய் அஃறிணைப் பன்மையாக இருந்தால் வினை ஒருமையில் வரலாம். வழக்கமே அதுதான்.

இது நமக்குப் புரியாத சமாசாரம் இல்லை. எழுதும்போது 'மாடுகள் வந்தன' என்கிறோம். வீட்டில்? 'மாடெல்லாம் வந்துச்சு'. பத்து மாடு வந்தாலும் வந்துச்சுதான். கிரேக்கர்கள் இந்த 'வந்துச்சு'வை எழுத்திலும் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். கிரேக்கத்தில் ஆவி என்ற சொல் அஃறிணை. மூன்று ஆவிகள், ஒருமை வினை. ஆக, 'ஆவிங்க எல்லாம் ராஜாக்களைக் கூட்டிச் சேர்த்துச்சு' என்பதும் இலக்கண சுத்தம்.

எது சரி? இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. கதையைப் பாருங்கள். 14ஆம் வசனத்தில் ஆவிகள் கிளம்பியதே ராஜாக்களைக் கூட்டத்தான். 16ஆம் வசனத்தில் அதே வினைச்சொல், அதே ராஜாக்கள். போன வேலையை முடித்திருக்கின்றன. மேலும், இன்று அறிஞர்கள் பயன்படுத்தும் கிரேக்கப் பதிப்பில், 14ஆம் வசனத்திலேயே அந்த ஆவிகள் புறப்பட்டுப் போவதைச் சொல்லும் வினையும் ஒருமையில்தான் இருக்கிறது. குறுக்கே ஒரு குரல் புகுந்ததால் பழைய மொழிபெயர்ப்பாளர்களின் கண் அந்தக் குரலுக்குரியவர்மேல் போய்விட்டது போலும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் வினைமுற்று எழுதினால் அவனா, அவையா என்று தீர்மானித்தே ஆகவேண்டும். நழுவ வழியில்லை. பிற்பாடு வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் 'அவை' பக்கம் வந்துவிட்டன.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஓர் ஈறு மாறினால் உலகமே தலைகீழாகிறது. 'சேர்த்தான்' என்றால் யுத்தம் கடவுளின் ஏற்பாடு. 'சேர்த்தன' என்றால் அது தவளைகளின் ஏற்பாடு. வாயிலிருந்து புறப்பட்டு, ராஜா ராஜாவாகத் தேடிப்போய், வா வா சண்டைக்கு என்று காதில் கத்துகிற தவளைகள். மேடை போட்டு, மைக் பிடித்து, வரைபடத்தில் வட்டம் போட்டு, இந்தச் சண்டை நடந்தே தீரும், தடுக்காதே என்று சொல்கிறவர் அந்தப் புத்தகத்தின்படியே யாருடைய வேலையைச் செய்கிறார்? நான் சொல்லவில்லை. இலக்கணம் சொல்கிறது.

இன்னொன்று. ராஜாக்கள் கூடினார்கள். சரி, சண்டை? அடுத்த வசனத்தில் ஏழாம் கலசம் ஆகாயத்தில் ஊற்றப்படுகிறது. பூமி அதிர்கிறது, கல்மழை பெய்கிறது. அர்மகெதோனில் வாள் உருவியதாக ஒரு வரி இல்லை. 19ஆம் அதிகாரத்தில் ராஜாக்கள் மறுபடி படையோடு வருகிறார்கள். அங்கே ஊர்ப் பெயர் இல்லை. எதிர்த்து வருகிறவரின் வாளும் கையில் இல்லை, வாயில் இருக்கிறது. டாங்கியும் அணுகுண்டும் இதில் எங்கே நுழைந்தன?

நுழைத்தார்கள். 1918 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி ஆலன்பி பாலஸ்தீனத்தில் துருக்கியரை உடைத்தார். மெகிதோவில் நடந்த சண்டை கொஞ்சம்தான். பெரும்பகுதி வேறு இடங்களில். ஆனாலும் வெற்றிக்கு வைத்த பெயர் மெகிதோ யுத்தம். பட்டத்திலும் மெகிதோவைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் படையெடுப்பில் ஹைஃபாவைப் பிடித்தது மைசூர், ஜோத்பூர் குதிரைவீரர்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டத்திலும் இல்லை.

1970இல் ஹால் லிண்ட்சே என்ற அமெரிக்கர் கடைசிக் காலத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ரஷ்யா, சீனா என்று அன்றைய செய்தித்தாளை எடுத்து வசனங்களுக்குள் பொருத்தினார். கோடிக்கணக்கில் விற்றது. சோவியத் யூனியன் 1991இல் காணாமல் போனது. புத்தகம் காணாமல் போகவில்லை. 1984 அக்டோபரில் ரீகன் அதிபர் தேர்தல் விவாதத்தில் நிற்கிறார். அர்மகெதோனை நம்பித்தான் அணு ஆயுதத் திட்டம் போடுகிறீர்களா என்று நேருக்கு நேர் கேள்வி. இல்லை, அது என்று வருமென்று யாருக்கும் தெரியாது, அதை வைத்துத் திட்டம் போடச் சொன்னதில்லை என்றார். பதிலை விடுங்கள். கையில் அணுகுண்டுப் பொத்தான் வைத்திருக்கும் மனிதரிடம் இப்படியொரு கேள்வி கேட்கவேண்டி வந்ததே, அதுதான் பயங்கரம். 1998இல் ஹாலிவுட் அந்தப் பெயரில் படம் எடுத்தபோது அதில் மெகிதோவும் இல்லை, ராஜாக்களும் இல்லை. ஒரு விண்கல்லும் ப்ரூஸ் வில்லிஸும் இருந்தார்கள். 2022 அக்டோபரில் பைடன் அணு ஆயுத அபாயத்தைச் சொல்ல அதே வார்த்தையை எடுத்தார். ஊர்ப் பெயர், இப்போது அழிவின் பெயர்.

'வெறும் வார்த்தைதானே சார், விடுங்களேன்' என்பீர்கள். விட முடியாது. யுத்தம் எழுதிவைத்த விஷயம் என்று ஆகிவிட்டால் சமாதானம் பேசுகிறவன் கோமாளி ஆகிவிடுகிறான். அங்கே சாகிற குழந்தை மனிதக் குழந்தை இல்லை, தீர்க்கதரிசனத்தின் ஓர் அடையாளம். டெல் அவிவில் செத்தாலும் சரி, தெஹ்ரானில் செத்தாலும் சரி, காசாவில் செத்தாலும் சரி. 'ஆமென், நெருங்கிவிட்டது' என்று சொல்லிவிட்டு வீடியோவை அடுத்தவருக்கு அனுப்பிவிடலாம். நல்ல மனிதர்களையும் இப்படி வேடிக்கை பார்க்க வைப்பதுதான் இந்த வியாபாரத்தின் வெற்றி. என் சண்டை நம்பிக்கை உள்ளவர்களோடு இல்லை. வவுச்சர் இல்லாமல் பற்று எழுதுகிறவர்களோடு.

கடைசியாக ஒன்று. மெகிதோ மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. அதை விரிவாக்கத் தோண்டியபோது, 2005இல், மண்ணுக்கடியில் ஒரு தரை வெளிவந்தது. தோண்டியவர்களில் கைதிகளும் உண்டு. சின்னச் சின்னக் கல் பதித்த தரை. நடுவில் மீன்கள். 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவப் பிரார்த்தனைக் கூடம். உலகத்தில் கிடைத்த மிகப் பழையவற்றில் ஒன்று. தரையில் கிரேக்க எழுத்துகள். கயானஸ் என்ற ரோமானியப் படை அதிகாரி சொந்தப் பணத்தில் இந்தத் தரையைப் போட்டுக் கொடுத்தார் என்கிறது ஒன்று. நான்கு பெண்களை மறக்காதீர்கள் என்று பெயர் சொல்கிறது இன்னொன்று. அகெப்தூஸ் என்ற பெண்மணி கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு ஒரு மேஜையை நினைவுக் காணிக்கையாகக் கொடுத்தாள் என்கிறது மூன்றாவது.

அர்மகெதோன் என்று நாம் நடுங்குகிற அதே மண். அங்கே அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்தில் எழுதிவைத்தது இது. படையில் இருந்தவன் தரை போட்டான். ஒரு பெண் மேஜை கொடுத்தாள். இந்த வாக்கியங்களில் எழுவாய் யார் என்ற சந்தேகமே இல்லை. பெயர் போட்ட வவுச்சர்.

நண்பருக்கு அந்தத் தரையின் படத்தை அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்.

'சார், இதுவும் எழுதியிருக்கு.'